பவுனம்மாளுக்கு விழுந்த ‘ஏ’

முதல் நாளே தலைமையாசிரியரோடு எனக்குச் சண்டை. சிறப்பாசிரியைப் பயிற்சி முடித்த கையோடு, சைகை மொழிப் புத்தகம் ஒன்றும் காது சோதிக்க ஒரு மணியும் பையில் போட்டுக்கொண்டு, நீடாமங்கலத்தில் பஸ் பிடித்து இறங்கி, வாய்க்கால் கரையிலேயே இரண்டு மைல் நடந்து போய் நின்றால், மனிதர் சொல்கிறார்:

“நம்ம ஸ்கூல்ல ஊமை, செவிடுன்னு யாரும் இல்லீங்க டீச்சர். வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

“மோரும் குடிக்கிறேன், இருந்து பாத்துட்டும் போறேன் சார்” என்று உட்கார்ந்துவிட்டேன். பிடிவாதம் என் கூடப் பிறந்தது.

ஒரே கூடம், ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். அன்று இன்னொருவர் லீவு. தலைமையாசிரியர் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் கண்டிப்பு. பெயர் கூப்பிடும்போது யார் பெயரோ அவர் மட்டும் வாய் திறக்க வேண்டும், மற்றவர்கள் மூச்சு விடக்கூடாது. குனிந்த தலை நிமிராமல் மூன்றாம் வகுப்புக்கு அட்டென்டன்ஸ் எடுத்தார். “உள்ளேன் ஐயா” கேட்டால் ஒரு கோடு. கேட்காவிட்டால் ‘ஏ’.

“பவுனம்மாள்.”

பதில் இல்லை. ‘ஏ’ போட்டார்.

தூணோரம் ஒரு பெண் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டேன்.

“அதுங்களா? எந்தப் பொண்ணு கூடவோ ஒட்டிக்கிட்டு வருது. சும்மா ஒப்புக்குச் சப்பாணி.”

நடவு நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. பெரிய பிள்ளைகள் சின்னதுகளையும் பள்ளிக்கு இழுத்து வருவது அங்கே வழக்கம். நான் அவள் பின்னால் போய் நின்று மணியை அடித்தேன். கூடமே திரும்பியது, அவள் மட்டும் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தால், கரும்பலகையில் இருந்ததெல்லாம் முத்து முத்தாகச் சிலேட்டில். மேலே பெயர்: பவுனம்மாள், மூன்றாம் வகுப்பு.

“ஐயையோ!” என்று தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒன்றரை மாதமாகக் கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வரிசையாக ‘ஏ’. மாதக் கடைசியில் நீக்க வேண்டிய பெயர்களில் அவள் பெயரும் ஏறியிருந்தது. “பவுனம்மாள் இருக்கிற தெருவுல கூலித் தகராறுங்க டீச்சர், பாதிப் பிள்ளைங்க வரல. அதுல இதுவும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்.” பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ஏன்டா, ஒருத்தனுமா சொல்லல?” என்றார்.

இளங்கோவன் என்ற பையன் எழுந்தான். “குறுக்கப் பேசுனா தோலை உரிப்பேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

“ரிஜிஸ்டர்ல அடிச்சுத் திருத்துனா கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. என்னைத் தொலைச்சுடுவாரு” என்றார் அவர். “வாய் பேசாத பிள்ளைங்களுக்குன்னே தஞ்சாவூர்ல ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்குதுல்ல, அங்க அனுப்பிட்டா இங்க பேரு போனாலும் பாதகமில்ல.” எனக்கும் அது சரியென்று பட்டது. அது என் தப்பு. பையிலிருந்த சேர்க்கைப் படிவத்தை அங்கேயே எழுதி முடித்தேன். தாயின் கைநாட்டு மட்டும் பாக்கி.

தாய் சிந்தாமணி பக்கத்து ஊர் நடவில் இருந்தாள். பவுனம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆடிக்காற்று அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. பவுனு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையை உயர்த்தி மணிக்கட்டை இரண்டு திருப்பு திருப்பினாள். அவ்வளவு தூரத்தில் குனிந்து நின்ற வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து, அதேபோல் கையசைத்துவிட்டுக் கரையேறினாள்.

“நடவுல யாரு பேசுறது யாருக்குக் கேக்கும்?” என்றாள் சிந்தாமணி. “நாத்து முடி வேணும், தண்ணி வேணும், போதும், வா, எல்லாம் கைதான். எங்க தெருப் பிள்ளைங்க பூரா இவகிட்ட அப்படித்தான் பேசும். இவளும் வாயாடி, சும்மா இருக்க மாட்டா.”

என் புத்தகத்தில் அந்தச் சைகைகளில் ஒன்றுகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

படிவம் எதற்கென்று சொன்னேன். சேற்றுக் கையை அவள் நீட்டவில்லை. “கூலி கூடக் கேட்டோம்னு பண்ணையில எங்க பேரை அடிச்சுட்டாங்க. அதான் இங்க வந்து நடுறேன். இப்ப எம் பொண்ணு பேரையும் அடிக்கப் போறீங்களா டீச்சர்? அங்க போய் அவ யாருகிட்ட பேசுவா?”

படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

மாதக் கடைசியில் ஏ.இ.ஓ. வந்தார். நீக்கும் பெயர்களைச் சரிபார்க்கத்தான் வந்தது. தலைமையாசிரியர் அன்று தலை நிமிர்ந்தே கூப்பிட்டார். பவுனம்மாள் முறை வந்ததும் பக்கத்துப் பெண் தொடையில் தட்ட, அவள் கையைத் தூக்கினாள்.

“வாயைத் தொறந்து சொல்லச் சொல்லுங்க” என்றார் ஏ.இ.ஓ.

“அவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது சார். ஆனா தினம் வர்றா” என்றேன்.

“அம்மா, ஒரு வகுப்புன்னா ஒரே முறைதான். ஆளுக்கு ஒரு முறை வெச்சுக்கிட்டா பள்ளிக்கூடம் நடத்த முடியாது. பேரை நீக்குங்க. முதல்லேருந்து கூப்பிடுங்க, நானே எண்ணிக்கிறேன்.”

தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டிய அந்த நேரத்தில் பிள்ளைகளின் மடியில் கைகள் அசைந்ததைப் பார்த்தேன். ஏதோ விளையாட்டென்று நினைத்தேன்.

“அஞ்சலை.”

சத்தமில்லை. ஒரு கை உயர்ந்தது.

“இளங்கோவன்.”

கை மட்டும்.

அன்று வந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. பவுனம்மாளின் கை உயர்ந்தபோது அது முப்பத்தொன்றில் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னய்யா இது? யாரு சொல்லிக்குடுத்தது?”

“சத்தியமா நான் இல்லீங்க” என்றார் தலைமையாசிரியர். நானும் இல்லை.

மறுபடியும் அந்த இளங்கோவன்தான் எழுந்தான். “ஒரு வகுப்புன்னா ஒரே முறைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

ஏ.இ.ஓ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “திருத்தி எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்” என்றார். தலைமையாசிரியர் அத்தனை ‘ஏ’யையும் சிவப்பு மையால் அடித்து, “என் கவனக்குறைவு” என்று எழுதினார்.

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயர் கூப்பிடும்போது தலையை நிமிர்த்துங்கள். படிவத்தை எடுக்கும் முன், அந்தப் பிள்ளை யாரோடு பேசுகிறது என்று பாருங்கள்.

அன்று மத்தியானம் சத்துணவு முடிந்ததும் பவுனு தூணோரம் வாத்தியார் விளையாட்டு நடத்தினாள். சிலேட்டில் ஒவ்வொரு பெயராக எழுதிக் காட்டினாள், பிள்ளைகள் கை தூக்கினார்கள், கோடு போட்டாள். கடைசியாக ‘டீச்சர்’ என்று எழுதி என் பக்கம் நீட்டினாள்.

பழக்கதோஷத்தில் “உள்ளேன்” என்று வாயெடுத்தேன். அவள் தலையை ஆட்டி, ‘ஏ’ போடுவதற்குச் சிலேட்டுக்குச்சியைக் கொண்டுபோனாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினேன். பவுனம்மாள் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோடு போட்டாள்.