பிந்தி வந்தவர்களுக்கும் வேலை

மாங்குளத்துக்குக் கிழக்கே கண்ணிவெடி அகற்றும் அணியொன்றுக்குப் பொறுப்பாக இருப்பவர் சிவதர்சினி. காலையில் வேலை தொடங்குமுன், மோட்டார் சைக்கிளில் வரும் தன் ஆட்களிடம் ஹெல்மெட்டைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் சொல்லாமல் விடமாட்டார். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் மறுநாளும் பறந்துதான் வந்து சேர்வார்கள்.

போன மாரியில், விசுவமடுவிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த நிருஷன் வளைவொன்றில் சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன சிவதர்சினி அவனை ஏசவில்லை.

"நிலத்தில அங்குலம் அங்குலமாப் பாத்து வேலை செய்யிற ஆள் நீ. றோட்டில ஏனடா அவ்வளவு அவசரம்?"

"பிந்தினால் அண்டைக்கு வேலை இல்லையெண்டு திருப்பி அனுப்புவியளெல்லே, அக்கா."

சிவதர்சினி அன்று பின்னேரமே மனேஜரிடம் போனார்.

"பிந்தி வாற ஆக்களையும் வேலைக்கு எடுக்கவேணும், சேர்."

"அப்ப எல்லாரும் பிந்தித்தான் வருவினம்."

"வரட்டும். விட்ட நேரத்தைப் பின்னேரம் நிண்டு செய்விக்கிறது என்ர பொறுப்பு."

மனேஜர் அரைமனதோடு சம்மதித்தார். முதல் கிழமை சிலர் பிந்தித்தான் வந்தார்கள். பின்னேரம் அவர்களோடு சிவதர்சினியும் நின்றார். பிறகு ஆட்கள் வீட்டிலிருந்து நேரத்தோடு புறப்படத் தொடங்க, அது தானாகவே குறைந்தது. காலையில் அவர் சொல்பவை இப்போதுதான் அவர்கள் காதில் ஏறின.

கை சுகமாகி வேலைக்குத் திரும்பிய அன்று, நெல் மூட்டை ஏற்றிய ட்ராக்டர் ஒன்றின் பின்னால் மெல்ல வந்து, நிருஷன் கடைசி ஆளாகச் சேர்ந்தான்.

"பிந்திப்போனன் அக்கா. முந்திப் போக இடமிருக்கேல்லை."

"அதுக்கென்ன. சாப்பிட்டனியோ?" என்று கேட்டபடி அவனுடைய பாதுகாப்பு அங்கியை எடுத்து நீட்டினார்.