மார்லிஸின் ஸ்டாப் லாஸ்

மார்லிஸ் கோவாசிச் பெட்ரோல் போடப் போனால், கார்டைச் செருகுவதற்கு முன் அந்த இயந்திரத்தின் வாயைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்ப்பாள். எவனாவது கார்டு எண்ணைத் திருடும் கருவி ஒட்டி வைத்திருக்கிறானா என்று பார்க்கத்தான். கடையில் பில் வாங்கினால் வண்டி நிறுத்துமிடத்துப் பனியிலேயே நின்று வரி வரியாகச் சரிபார்ப்பாள். மருந்துக்கடைக்காரன் கொடுத்த மாத்திரைகளைச் சமையல் மேடையில் கொட்டி எண்ணுவாள். இதுவரை ஒரு மாத்திரைகூடக் குறைந்ததில்லை. அதற்காகச் சந்தேகம் குறைந்ததா என்றால் அதுவும் கிடையாது. "நான் எண்ணுறேன்னு தெரிஞ்சு உஷாராயிட்டான்" என்பாள்.

இப்படிப்பட்டவள் பங்குச் சந்தைக்குள் கால் வைத்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? வைத்தாளே!

காரணம் ரூடியின் காது. ரூடி அவள் கணவன். இரும்புச் சுரங்கத்தில் வெடி வைத்து வைத்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன். மினசோட்டாவின் வடக்கே அந்தச் சுரங்க ஊரில் அவன் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம்தான். ரூடிக்கு இரண்டு காதும் போயிற்று. நல்ல காதுக் கருவிக்கு ஆறாயிரம் டாலர் ஆகும், காப்பீட்டில் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். மார்லிஸ் பள்ளி பஸ் ஓட்டிச் சேர்த்தது நாலாயிரம். "எனக்கெதுக்கு கருவி? உன் புலம்பல் காதுல விழாம நிம்மதியா இருக்கேன்" என்று ரூடி சிரிப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேத்தி போனில் பேசும்போது, அவள் என்ன கேட்டாலும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, போனை மார்லிஸ் கையில் திணித்துவிட்டு கராஜுக்குப் போய்விடுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் மார்லிஸ், மிச்சம் இரண்டாயிரத்துக்கு எங்கே போவது என்று கணக்குப் போடுவாள்.

பள்ளி பஸ் ஓட்டுபவர்களுக்குக் காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. நடுவில் உள்ள பொழுதில் ஓட்டுநர் அறையில் சீட்டாட்டமும் ஊர் வம்பும்தான். சந்தை திறந்திருப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இதை முதலில் கண்டுகொண்டவள் ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டும் ஆர்டிஸ் நியெமெலா. மார்லிஸின் வயதுதான், பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஒரு கையில் பின்னல் ஊசி, மறு கையில் போன். சிரித்தால் அறையின் ஜன்னல் அதிரும்.

"உனக்கு எவ்வளவு வருது?" என்று மார்லிஸ் ஒருநாள் கேட்டாள்.

"சில மாசம் வரும், சில மாசம் போகும். சுத்தமா துடைச்சுக்கிட்டு மட்டும் போகல."

"எனக்குக் கத்துக் குடுத்தா உனக்கு என்னடி லாபம்?"

"ஒரு லாபமும் இல்லடி, கடங்காரி! பக்கத்துல உக்காந்து பேச ஒரு ஆள் கிடைக்கும். உக்காரு."

மூன்று மாதம் போனில் பொய்ப்பணத்தை வைத்து வாங்கி விற்றுப் பழகச் சொன்னாள் ஆர்டிஸ். மார்லிஸ் பழகினாள். பிறகு நிஜப்பணம் போட்டபோது, ஆர்டிஸ் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: வாங்கிய கையோடு ஸ்டாப் லாஸ் போடு. விலை இந்த அளவுக்கு இறங்கினால் என்னைக் கேட்காமலே விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் கட்டளை அது.

"நாம பஸ் ஓட்டுறவங்க மார்லிஸ். மதியம் வண்டியை எடுத்துட்டா போனைத் தொட முடியாது. பின்னாடி நாப்பது குழந்தைங்க இருக்கும்போது ரோட்டைப் பாப்பியா, விலையைப் பாப்பியா? அதைப் போட்டுட்டு நிம்மதியா ஓட்டு."

நல்ல புத்தி. மார்லிஸ் கேட்டாள், போட்டாள். ஹார்ல்டன் என்ற பேட்டரி கம்பெனியின் பங்கை வாங்கினாள். விலை மெல்ல இறங்கி, அவள் போட்ட இடத்தைத் தொட்டது, அவளுடையது விற்றுப்போயிற்று, விலை அப்படியே திரும்பி மேலே ஏறிவிட்டது. நஷ்டம் சின்னதுதான். மறுவாரம் மறுபடி வாங்கினாள். மறுபடி அதே கதை. மூன்றாம் தடவையும் அப்படியே நடந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. என் ஸ்டாப் லாஸ் விலை எப்படித் தெரிகிறது? யார் பார்க்கிறார்கள்?

புதிதாகச் சந்தைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பேய் ஒருநாள் பிடிக்கும். பிடித்து, விட்டுவிடும். மார்லிஸுக்குப் பிடித்தது விடுமா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். தன் ஸ்டாப் லாஸ் எந்த விலையில் இருக்கிறது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பவள்.

சீ, ஆர்டிஸா, என்று அவளுக்கே முதலில் கூசியது. ஆனால் கூச்சம் ஒரு நாள்தான் நின்றது. அவள் ஏன் எனக்கு மெனக்கெட்டுச் சொல்லித்தர வேண்டும்? நான் விற்கும் போதெல்லாம் வாங்குகிறவர் யார்? சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். நாலாயிரத்தில் மிஞ்சியதை எல்லாம் ஹார்ல்டனில் போட்டாள். ஸ்டாப் லாஸைப் பதினொன்றரை டாலரில் வைத்துவிட்டு, ஆர்டிஸிடம் மட்டும் வேண்டுமென்றே, "பன்னெண்டுல போட்டிருக்கேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து விலை சரியாகப் பன்னிரண்டுக்கு இறங்கியது. நின்றது. ஏறியது.

மார்லிஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. கையும் களவுமாக மாட்டினாள் திருடி! பன்னிரண்டு என்பது முழு எண், பாதிப் பேர் அங்கேதான் கட்டளை போட்டு வைத்திருப்பார்கள், விலை அங்கே போய் இடிப்பது தினப்படி நடக்கிற சமாசாரம் என்று எந்தக் கத்துக்குட்டிப் புத்தகத்தைப் புரட்டினாலும் தெரியும். இவள் புரட்டவில்லை. ஆர்டிஸ் தினம் தூக்கி வரும் இறைச்சிப் பணியாரத்தை அன்று "பசியில்ல" என்று தள்ளிவைத்தாள். போனை எடுத்து, ஸ்டாப் லாஸை அடியோடு நீக்கினாள். கட்டளையே இல்லாவிட்டால் எவள் பார்ப்பாள், எதைப் பார்ப்பாள்! அன்றிலிருந்து மார்லிஸ் அவள் பக்கத்தில் உட்காருவதும் இல்லை. காப்பி இயந்திரத்தின் அருகே, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னடி, என்மேல என்ன கோவம்?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அங்க ஹீட்டர் காத்து மூஞ்சில அடிக்குது."

வியாழக்கிழமை ஆர்டிஸின் பஸ் பிரேக் வேலைக்குப் போயிருந்ததால் அவள் அறையிலேயே இருந்தாள். மார்லிஸ் தன் பதினான்காம் நம்பர் பஸ்ஸைக் கொண்டுபோய்த் தொடக்கப் பள்ளி வாசலில் நிறுத்தி, மணி அடிக்கக் காத்திருந்தாள். அப்போது பஸ் ரேடியோ கரகரத்தது. எல்லா பஸ்ஸிலும் கேட்கும் ரேடியோ அது. வண்டி விஷயம் தவிர வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது சட்டம். பேசியது மேலாளர் கிளேட்டன் இல்லை.

"பதினாலு! மார்லிஸ், நான் ஆர்டிஸ். ஹார்ல்டன் கவுந்துடுச்சு. பெரிய ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னு செய்தி வந்திருக்கு. இன்னும் குழந்தைங்க ஏறலேல்ல? உடனே வித்துடு. யோசிக்காத, வித்துடு!"

மார்லிஸ் போனை எடுத்துப் பார்த்தாள். பத்தரை டாலர். விரல் விற்கும் பொத்தான்மேல் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

இவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? வேலை போகும் என்று தெரிந்தும் ரேடியோவில் கத்துகிறாள் என்றால், நான் விற்பதில் எவ்வளவு ஆதாயம் இருக்க வேண்டும்! என்னிடம் கட்டளை இல்லை, பிடுங்க முடியவில்லை, அதனால் வாயாலேயே விற்கவைக்கப் பார்க்கிறாள். அப்படித்தான் தோன்றியது அவளுக்கு. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

"மார்லிஸ், கேக்குதா? பதில் சொல்லுடி!"

மார்லிஸ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். மணி அடித்தது. குழந்தைகள் தொப்பியும் பனிக்காலணியுமாக ஓடி வந்து ஏறினார்கள். போனைப் பைக்குள் போட்டு வண்டியை எடுத்தாள். கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டுப் பார்த்தபோது விலை ஆறு டாலர். மறுநாள் காலை நாலு டாலர். அங்கேதான் விற்றாள்.

வெள்ளிக்கிழமை ஓட்டுநர் அறையில் கிளேட்டன் எல்லோர் முன்னாலும் ஒரு தாளை ஆர்டிஸிடம் நீட்டினார். சொந்த விஷயத்துக்கு ரேடியோவைப் பயன்படுத்தியதற்காக இரண்டு வாரம் தற்காலிக வேலை நீக்கம், சம்பளம் இல்லாமல். ஆர்டிஸ் வாங்கி மடித்துப் பின்னல் பைக்குள் வைத்தாள். பிறகு நேரே மார்லிஸிடம் வந்தாள்.

"நான் சொன்னப்பவே வித்தியா?"

"இல்ல."

"ஏன்டி?"

மார்லிஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள்: பதினொன்றரை, பன்னிரண்டு, சோதனை, எடுத்துவிட்ட ஸ்டாப் லாஸ், எல்லாம். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

ஆர்டிஸ் திட்டுவாள் என்று பார்த்தால், திட்டவில்லை.

"உன்னோட முந்நூறு பங்கைப் பிடுங்க ஒருத்தன் கண் கொத்திப் பாம்பா உக்காந்திருந்தானா? அடிப் பைத்தியமே! அந்தச் சந்தைக்கு நீ ஒருத்தி இருக்கறதே தெரியாதுடி. உன்னைக் கவனிச்சிட்டு இருந்தது நான் ஒருத்தி மட்டும்தான். நீ இடம் மாறி உக்காந்த அன்னிக்கே, ஸ்டாப் லாஸை எடுத்துட்டன்னு ஊகிச்சுட்டேன்." குரல் உடைந்தது. "அதனாலதான் கத்தினேன்."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மார்லிஸுக்கு அவள் பின்னால் ஓட வேண்டும்போல் இருந்தது. காப்பி இயந்திரத்தின் அருகேயே உட்கார்ந்திருந்தாள். வெட்கக்கேடு, அவ்வளவுதான் வேறென்ன சொல்ல!

மாலை வீட்டுக்கு வந்தபோது ரூடி வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு லண்ட்மார்க் தம்பதியும் வெளியே நின்றார்கள். மார்லிஸ் அவன் அருகில் போய், அக்கம்பக்கம் பார்த்து, மெல்லச் சொன்னாள். "ரூடி, உன் காதுக் கருவிப் பணம் போச்சு."

ரூடி முகம் மலர்ந்து தலையாட்டினான். "ஆமாம்மா, ஆமாம்மா" என்றான்.

பேத்தியிடம் சொல்லும் அதே ஆமாம்மா. உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லலாம். அங்கேயும் கத்தத்தான் வேண்டும், அதுவும் ஊருக்குக் கேட்கத்தான் போகிறது. இனி எதை யாரிடமிருந்து மறைக்க?

அவன் கையிலிருந்த பனித்தள்ளியை வாங்கிக் கீழே போட்டாள். அவன் முகத்தை இரு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"உன் காதுக்கு வெச்சிருந்த பணத்தைத் தொலைச்சுட்டேன் ரூடி! ஆர்டிஸ் காப்பாத்த வந்தா, நான்தான் அவளைத் திருடின்னு நினைச்சேன்! அவ ரெண்டு வாரச் சம்பளமும் போச்சு, என்னால!"

எதிர்வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. ரூடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் கேட்டுது" என்றான். பிறகு குனிந்து பனித்தள்ளியை எடுத்து ஓரமாகச் சாத்தினான். "கார்ச் சாவியைக் குடு. ஆர்டிஸ் வீட்டுக்குப் போவோம்."