கொங்காணி போட்ட பிள்ளை

எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் சினிமாக் கொட்டகையை எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பதுளையில் ஓடிய எந்தப் படமும் எங்களுக்குத் தப்பியதில்லை. சம்பளம் போட்ட சனிக்கிழமை பெரியப்பா பகல் ஆட்டம் பார்த்துவிட்டு வருவார். ஞாயிறு முழுக்க அந்தப் படம் லயத்தில் ஓடும்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் எங்கள் லயம். பெரியப்பாவுக்கு இலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. தனி ஆள், சாப்பாடு எங்கள் வீட்டில். ஒரே படத்தை ஆளுக்குத் தக்கபடி மாற்றிச் சொல்வதில் அவர் பெரிய கில்லாடி. காலையில், ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் துணி துவைக்கும் பெண்களுக்குச் சொன்னால், கதாநாயகி முதல் காட்சியிலிருந்தே அழுவாள். சாயங்காலம் ஆண்களுக்குச் சொல்லும்போது அவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஒரே அடிதடி. மத்தியானம் சிறுசுகள் எங்களுக்கு, பேய். பேயே இல்லாத படத்திலும் எங்களுக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

மூன்றிலும் மாறாமல் வருவது அந்தப் பிள்ளைதான். அரண்மனைக் கதையோ, மதராஸில் நடக்கும் கொலைக் கதையோ, நடுவில் எங்காவது ஒரு கதவு திறக்கும். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணியோடு, ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று நீர் சொட்டச் சொட்ட வாசலில் நிற்கும். "மழை விட்டுருச்சா?" என்று கேட்கும். யாரும் பதில் சொல்வதற்குள் போய்விடும்.

அந்த இடத்தில் மட்டும் பெரியப்பா நடிக்க மாட்டார். நாளைக்கு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். ஆண்கள் பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள். எங்களுக்கோ "ம்" கொட்டக்கூட வாய் வராது. வெளியே மூட்டம் இறங்கிவிட்டால், பட்டப்பகலிலும் நான் வாசல் பக்கம் திரும்ப மாட்டேன். மதராஸ் வீட்டுக்குக் கொங்காணி எப்படி வந்தது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்பது வயதில் அழுது அடம்பிடித்து அவரோடு பதுளைக்குப் போனேன். படம் கிடக்கட்டும், எனக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் விட்டுப்போகும் என்பது என் எண்ணம். திரையில் கதவு திறக்கும்போதெல்லாம் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கதவுக்கும் அவர் கையும் இறுகியது. போலீஸ் வந்தது, மாமியார் வந்தாள், பால்காரன்கூட வந்தான். பிள்ளை வரவேயில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"பெரியப்பா, அந்தப் பிள்ளை எங்க?"

"இன்னைக்கு வரலம்மா."

பஸ்ஸை விட்டு இறங்கி மலைப் பாதையில் நடந்தோம். தூறல் அப்போதுதான் நின்றிருந்தது. லயத்துக்குக் கீழே, தேயிலை வைக்காமல் புல் மட்டும் மண்டிக் கிடந்த சரிவு ஒன்று உண்டு. அங்கே விளையாடப் போனால் அம்மா முதுகில் வைப்பாள். பெரியப்பா அங்கே நின்றார். சரிவை மூட்டம் மூடியிருந்தது. அதைப் பார்த்து, "மழை விட்டுருச்சும்மா" என்றார்.

எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ம்" என்றேன். அவர் தூக்கிவாரிப்போட்டதுபோலத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பீலியில் கதை ஆரம்பமானது. கதவு திறந்தது. கொங்காணியோடு பிள்ளை நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய்! நானுந்தான் பார்த்தேன். படத்துல அப்படி ஒரு பிள்ளையே இல்ல!"

துவைக்கிற சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி எந்த நாளும் அவர் கதை சொல்லப்போவதில்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது.

பெரிய கங்காணியின் சம்சாரம் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "இருந்துச்சு. நான்தான் அந்தப் படத்தைப் போன வாரமே பார்த்துட்டேனே. நீ பயந்துக்கிட்டுக் கண்ண மூடியிருப்ப."

"ஆமா, மூடியிருப்பா" என்றாள் என் அம்மா, சினிமாக் கொட்டகை எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாதவள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. பிள்ளை என்ன கேட்டுச்சு?" என்றாள் கங்காணி சம்சாரம்.

பெரியப்பா தலையை நிமிர்த்தினார். "மழை விட்டுருச்சான்னு கேட்டுச்சு."

"ம்" என்றார்கள் எல்லோரும் சேர்ந்து.

நான்தான் கண்ணை மூடிவிட்டேன் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் புல் சரிவுக்கு அடியில் ஒரு லயம் இருந்ததையும், நான் பிறப்பதற்கு முந்திய வருஷத்து அடைமழையில், பெரியப்பா ஸ்டோரில் இராவேலைக்குப் போயிருந்தபோது, பெரியம்மாவையும் அவர் மகளையும் சேர்த்து மண் சரிந்து அதை மூடியதையும், எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னாள். அன்று பீலியில் இருந்தவர்களில் அந்தப் பிள்ளையைப் பார்த்திராதவள் நான் ஒருத்திதான்.