எதைச் செருகினாலும் தாவும் திரை

என் பெயர் சிவநேசன். வீடு கிள்ளானில், வேலை ஒரு மணி நேரம் தள்ளி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சரக்கு நிறுவனத்தில். இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அதனால் பகல் ஒரு மணிக்கு மகள் மலர்விழியைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் அழைத்து வருவது நான்தான். என் வாழ்நாளில் நேரம் தவறாமல் செய்த ஒரே காரியம் அது.

மேசையில் அலுவலக லேப்டாப், சொந்தக் கணினி, இரண்டுக்கும் ஒரே திரை, ஒரே கீபோர்டு. ஒரு பொத்தானைத் தட்டினால் கீபோர்டு அடுத்த கணினிக்குப் போய்விடும். திரையை மாற்றத்தான் அதன் அடியில் விரலை விட்டுத் தடவ வேண்டும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க மூன்று நாள் செலவழித்தேன். கீபோர்டின் யூஎஸ்பி எந்தக் கணினியில் இணைகிறதோ, திரையும் தானாக அங்கே தாவும்படி இரண்டிலும் ஒரு புரோகிராம் எழுதிப் போட்டேன். கீபோர்டுக்கென்று இருக்கும் நீளமான எண்ணை அதில் குறிப்பிட வேண்டும். சோம்பல். எந்த யூஎஸ்பியைச் செருகினாலும் மாறு என்று எழுதிவிட்டேன். மனைவி தாமரைக்கு நான்கு முறை செய்து காட்டினேன். இரண்டாவது முறையிலேயே அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

யார் தொடர்ந்து வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று முடிவெடுக்கும் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, லேப்டாப்பில் நடந்தது. எல்லோரும் பார்க்கும் கூட்டத்து அரட்டைப் பெட்டியில் மேலாளர் ஜெயராஜுக்கு வணக்கம் தட்டிவிட்டுப் பணிவாக உட்கார்ந்திருந்தேன். அப்போது தாமரை வந்து, சார்ஜ் தீர்ந்த தன் கைப்பேசியைச் சொந்தக் கணினியில் செருகிவிட்டுப் போனாள். திரை அங்கே தாவியது. என் கைதான் பொத்தானில் பட்டுவிட்டது, கீபோர்டும் கூடவே வந்திருக்கும் என்று நினைத்தேன். திரையில் மச்சான் லோகன், ரொட்டி சானாய் சாப்பிட வருகிறாயா என்று கேட்டிருந்தான்.

"மீட்டிங் லா. சும்மா தலையாட்டிக்கிட்டு இருக்கேன். முடிஞ்சதும் வரேன்" என்று தட்டினேன். திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. இணையம் மந்தம் போலிருக்கிறது என்று, மகா புத்திசாலியாக, இன்னொரு முறையும் தட்டினேன்.

லேப்டாப்பிலிருந்து பலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜெயராஜின் குரல்.

"சிவநேசன், ரெண்டு தடவ சொல்லிட்டீங்க. தலையாட்டுறத திங்கக்கிழமைலேர்ந்து ஆபீஸ்ல வந்து ஆட்டுங்க லா."

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளி வாசலில் பிள்ளை என்னைத் தேடி நிற்பாளே என்று கண் கலங்கியது. இனி அவளை அழைத்து வருவது பள்ளி வேன்தான். அது வீடு சேரும் நேரம் பார்த்துத் தாமரைக்கு போன் போட்டு, மகளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"வேன்ல ஏர்கோன் இருக்குப்பா," என்றாள் மலர்விழி. "நாளைக்கும் வேன்லயே வரவா?"