தங்கச்சிக்கு நான் கொடுத்த சிவப்பு

நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். துருச் சுரண்டும் தகட்டோடு கூலிக்குப் போய், இன்று இருபது பேரை வைத்து இரும்புப் பாலங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். யார் தயவும் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்தது என் தங்கையைப் பற்றி.

அவள் தையல் கூடத்தில் பொத்தான் தைக்கிறவள். மீதி நேரமெல்லாம் நிறம் பொறுக்குவாள். ஆற்றங்கரையில் மஞ்சள் மண், விளக்குப் புகையில் கறுப்பு. மாதுளைத் தோலை வேகவைத்துத் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டு மை செய்வாள். அரைத்து, துணியில் வடித்து, பிசின் கலந்து, சிப்பிகளில் ஊற்றி ஜன்னலில் அடுக்குவாள். கடைச் சாயம் ஒரு சொட்டு வீட்டுக்குள் வராது. படம் போடும்போது தூரிகை நுனியை உதட்டில் வைத்துத்தான் கூராக்குவாள்.

"மண்ணுதானே அண்ணா, வயித்துல செடியா முளைச்சிடும்?" என்பாள்.

சிவப்பு மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. பூவைப் பிழிந்தால் ஒரு வாரத்தில் வெளுத்தது. செங்கல்லை இடித்தால் மங்கலாக வந்தது.

"ஊரையே பெயிண்டுல குளிப்பாட்டுற ஆளு. கூடப் பிறந்தவளுக்கு ஒரு சிவப்புக்கு வழியில்ல" என்று ஒருநாள் குத்திக் காட்டினாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய பாலத்தில் சுரண்டிய அடிப்பூச்சுத் தூளை ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன். "இந்தச் சிவப்பு வேற எவன்கிட்டயும் கிடைக்காது, பார்த்துக்க!"

அதில் ஈயம் இருப்பதும், அது உள்ளே போனால் விஷம் என்பதும் எனக்குத் தெரியும். துணியால் வாயைக் கட்டாமல் என் ஆள் ஒருவனையும் சுரண்ட விடமாட்டேன். அவள் தூரிகையை உதட்டில் வைப்பதையும் ஆயிரம் தடவை பார்த்தவன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

சில மாதம் கழித்து வயிற்று வலி என்றாள். கண்டதைத் தின்றிருப்பாய் என்றேன். பிறகு ஒரு காலை, அவளுடைய வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. ஊசியைப் பிடிக்க முடியவில்லை.

டாக்டரம்மா இரத்தம் சோதித்துவிட்டு, "உடம்புல ஈயம் ஏறியிருக்கு. எதுலேர்ந்து?" என்றார்.

தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் பொறுக்கின மண்ணுதாங்க."

"அப்போ எல்லாத்தையும் கொட்டிடுங்க. இனிமே மண்ணையே தொடக் கூடாது."

சரியென்று தலையாட்டினாள். என் பெயரைக் காப்பாற்ற, நாற்பது சிப்பி நிறத்தையும் கொட்டச் சம்மதித்துவிட்டாள்.

"பொய் சொல்றா டாக்டரம்மா. மண்ணுல ஒண்ணுமில்ல. பாலத்துத் தூள் குடுத்தது நான்."

"அதுல என்ன இருக்குன்னு தெரியாமலா குடுத்தீங்க?"

"தெரியும்."

"ஒரு நாளாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கியா நீ!" என்று தங்கை சீறினாள். அழுகையும் வந்துவிட்டது.

மூன்று மாதமாக மருந்து நடக்கிறது. நடுவிரல் லேசாக அசைகிறது. முழுக் கையும் திரும்புமா என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. தங்கை என்னோடு பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள். ஆனால் நான் வாங்கிப்போகும் பழத்தை இரண்டு தடவை கழுவச் சொல்கிறாள்.

கழுவிக் கொடுக்கிறேன்.