தாத்தாவின் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு

என் தாத்தா தோளில் துண்டு போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அது தலையில் இருக்கும், இல்லாவிட்டால் இடுப்பில். தலையில் இருந்தால் காட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம். இடுப்பில் இருந்தால் தண்ணீருக்கு. தோளில் துண்டு போடுவது உட்கார்ந்து பேசுகிறவர்களின் வேலை என்பார்.

அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததும் குறைவு. எங்கள் ஊர் மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் போகிற வழியில் இருக்கிறது. நிலத்தில் பாடுபட்டது போக மீதி நேரமெல்லாம் அவர் வெளியில்தான். மலையடிவாரத்தில் பாறையில் தொங்கித் தேன் எடுத்தார். இரண்டு நாய்களை வைத்துக்கொண்டு முயல் விரட்டினார். வைகையில் வெள்ளம் என்று காதில் விழுந்தால் போதும், எட்டு மைல் நடந்து கோரிப்பாளையத்துக்கு வந்து ஆற்றில் குதிப்பார். தென்கரையைத் தொட்டுவிட்டு நீந்தித் திரும்புவார். எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன்.

"தண்ணி வந்திருக்குல்ல?" என்றார். அதற்கு மேல் காரணம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவருடைய வருடம் சுற்றிவந்தது ஒரே ஒரு காலையைத்தான். கோடையில் கண்மாய் வற்றி, தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே வந்ததும், சுற்று ஊர்களுக்கெல்லாம் தண்டோரா போட்டுச் சொல்லிவிடுவார்கள். குறித்த நாளில் எல்லா ஊர்க்காரர்களும் விடியுமுன் வந்து கரையைச் சுற்றி நிற்பார்கள். மடையில் இருக்கும் சாமிக்குச் சூடம் காட்டியதும், ஊரில் ஒரு பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவர் கால்கூட நனையக் கூடாது. வீசிய பிறகு யார் எதைப் பிடித்தாலும் அவருக்கு. விற்க மட்டும் கூடாது; விற்றால் மறு வருடம் கண்மாய் நிறையாது.

துண்டு வீசுகிறவருக்கு இரண்டு விதிகள் உண்டு. அவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஒருமுறை அந்தத் துண்டை வாங்கிவிட்டால், ஆயுசுக்கும் அவர்தான்.

ஒரு வருடம் மாசியில், அதுவரை துண்டு வீசிவந்த பெரியவர் காலமானார். ஊருக்குத் தலைவரான அம்பலகாரர் சாமி முன்னால் வைத்து என் தாத்தாவின் தோளில் புதுத் துண்டைப் போட்டுவிட்டார். சாமி முன்னால் கொடுத்ததை மறுக்க வழியில்லை.

அப்போது யுத்த காலம். எனக்கு இருபத்தாறு வயது. மதுரையில் ஒரு பத்திரிகையில் வேலை. பெட்ரோல் இல்லாமல் கரியை எரித்து ஓடிய பஸ்ஸில், மேடு வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு, மீன்பிடிக்கு முதல் நாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். தாத்தா வீட்டு வாசலில் தன் ஊத்தாவைக் கழுவிக்கொண்டிருந்தார். ஊத்தா என்பது மூங்கில் குச்சியால் பின்னிய, அடியில்லாத கூடை. மேல்வாய் குறுகல், கீழ்வாய் அகலம். கலங்கிய தண்ணீரில் குத்தி அமுக்க வேண்டும். மீன் சிக்கினால் உள்ளே மோதும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிக்க வேண்டியதுதான்.

"நீங்கதான் இறங்க முடியாதே தாத்தா, இது எதுக்கு?"

"சும்மா பக்கத்துல இருக்கட்டும். நீ வச்சுக்கிட்டு நில்லு," என்றார். ஊத்தாவைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, "உசுரோட இருக்கையிலயே என்னையத் தூக்கிக் கரையில வச்சுட்டாய்ங்கடா," என்றார்.

அவரை அரித்துக்கொண்டிருந்தது ஒரு விரால். ஒன்றரை முழம் இருக்கும் என்றார். மூன்று வருடமாக மடைக்கு அருகே ஒரு பட்ட கருவேல மரத்தின் தூரில் குடியிருந்தது. முந்தின வருடம் அவருடைய ஊத்தாவுக்குள் சிக்கி, ஊத்தாவையே சாய்த்துவிட்டுப் போனது. போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அது போனதை அவருடைய மைத்துனர், என் அப்பத்தாவின் அண்ணன், கண்ணால் பார்த்துவிட்டார்.

மறுநாள் விடிந்தபோது கரை முழுவதும் ஆட்கள். எண்ணிப் பார்த்தேன், ஐந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஊத்தா, வலை, வேட்டி, சல்லடை, எதுவும் கிடைக்காதவர்கள் கையில் சோற்றுப் பானை. ஒருவரும் சத்தம் போடவில்லை. தாத்தா சலவை வேட்டியும் தோளில் வெள்ளைத் துண்டுமாக மடைக்கு மேலே நின்றார். நான் ஊத்தாவோடு பக்கத்தில். கரையின் கீழே, தண்ணீர் விளிம்பில், மைத்துனர் கோவணத்தோடு தயாராக நின்றார்.

"என்ன மாப்ள, துண்டு கனக்குதா?" என்றார் அண்ணாந்து பார்த்து.

"நீ ஒன் கோவணத்தைப் பாத்துக்க மச்சான். அவுந்து விழுந்துறப் போகுது."

"விழுந்தா விழுகட்டும். ஒன் விராலைக் கட்டித் தூக்க ஆகும். கொழம்பு வச்சு ஒரு கும்பா அனுப்புறேன். தலை எனக்கு, வாலு ஒனக்கு."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாத்தா கருவேலந்தூரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அம்பலகாரர் சூடத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, கிழக்கூர்க்காரங்க இன்னும் வந்து சேரல. வரட்டும். நான் சூடம் காட்டிட்டுக் கையைத் தூக்குறேன், அப்புறம் வீசுங்க."

தாத்தா தலையாட்டினார். என் கைக்கடிகாரத்தில் ஆறு பத்து.

அப்போதுதான் அது மேலே வந்தது. விராலுக்கு மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். கருவேலந்தூரை ஒட்டி 'குபுக்' என்றது. தண்ணீர்மேல் தாம்பாளம் அளவு வட்டம். நடுவில் இரண்டு குமிழி. நான் பார்த்தேன், மைத்துனர் பார்த்தார். தாத்தா பார்த்ததை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

அவருடைய கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை இடுப்பில் கட்டப் போகிறவர் முதலில் அதை ஒருமுறை உதறுவார். தாத்தா அறுபது வருடமாக, தண்ணீரைக் கண்டால், உதறிக் கட்டியவர். அன்றும் உதறினார்.

கரை இடிந்து கண்மாய்க்குள் விழுந்தது போல இருந்தது. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு ஆட்கள் பாய்ந்தார்கள். தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அம்பலகாரர் கொளுத்தாத சூடத்தோடு "ஏய்! ஏய்!" என்று கத்தியது இரண்டடி தூரத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தாத்தா கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "ஆத்தீ!" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குடுறா!"

ஊத்தா என் கையில் இல்லை. துண்டு அவர் இடுப்பில் இருந்தது. எழுபது வயது ஆள் கரைச் சரிவில் சறுக்கியே இறங்கினார்.

மைத்துனர் அதற்குள் தூரைச் சுற்றித் தன் ஊத்தாவால் மூன்று குத்துக் குத்திவிட்டார். தாத்தா தூர்ப் பக்கமே போகவில்லை. பத்தடி தள்ளி, மடைக்குப் போகிற பழைய பள்ளத்தின் வாயில் போய், ஊத்தாவைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றார். சுற்றிலும் ஆட்கள் முட்டிக்கொண்டும் விழுந்துகொண்டும் கிடந்தார்கள். ஒருவர் பானையோடு அவர்மேல் மோதிவிட்டுப் போனார். அவர் அசையவில்லை. கலங்கினால் அது பள்ளத்துக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். தூரிலிருந்து தண்ணீர்மேல் ஒரு வரி புடைத்துக்கொண்டு நேராக அவர் காலை நோக்கி வந்தது.

குத்தினார். ஊத்தா துள்ளியது. அதன்மேல் நெஞ்சைப் போட்டுப் படுத்துவிட்டார்.

"எங்க, இப்பச் சாயி பாப்போம்!" என்று மீனிடம் கத்தினார். ஊத்தா சாயத்தான் பார்த்தது. "டேய் பேராண்டி! வந்து அமுக்குடா!"

நான் சட்டை வேட்டியோடு குதித்து, ஊத்தாவின் அடிவிளிம்பை இரண்டு கையாலும் சேற்றில் அழுத்தினேன். தாத்தா தோள்வரை கையை உள்ளே விட்டார். முகம் பாதி தண்ணீரில். ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கண் சிரித்தது. என் கடிகாரம் ஆறு இருபத்தொன்றில் நின்றுவிட்டது. அதனால்தான் நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஒன்றரை முழம் என்றது பொய்யில்லை.

கிழக்கூர்க்காரர்கள் வந்து சேர்ந்தபோது கண்மாய் கூழாகியிருந்தது. அவர்களில் மூத்தவர் கரைமேல் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்தார். "எங்களையும் வரச் சொல்லிட்டு, நீங்களே வழிச்சு நக்கியாச்சாக்கும்?"

கோபம் நியாயமானது. தாத்தா சேறு வழிய மேலே ஏறி வந்தார். கை தவறிவிட்டது என்றோ வயதாகிவிட்டது என்றோ சொல்லவில்லை.

"தப்பு என்மேலதான்," என்று விராலை அந்தப் பெரியவரின் காலடியில் போட்டார். "இம்புட்டுப் பெருசு இந்தக் கண்மாயில வேற கிடையாது. எடுத்துக்கங்க."

அது புல்லில் ஒரு அறை அறைந்தது. பெரியவர் அதைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். "இதுக்காகவா துண்டை உதறுனீக?"

"ஆமா."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானா இருந்தாலும் உதறியிருப்பேன்," என்று விராலைத் தூக்கிக்கொண்டார். அவருடைய ஆட்கள் மிச்ச மீனுக்கு இறங்கப் போய்விட்டார்கள்.

அம்பலகாரருக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, இனிமே ஒங்க கையில துண்டு கிடையாது. ஆயுசுக்கும் கிடையாது."

"சாமி முன்னாடி சொல்றீகளா?"

"சொல்றேன்."

"அப்ப அந்தச் சூடத்தை இன்னும் கொளுத்தலைல்ல? கொளுத்திச் சொல்லிருங்க."

அம்பலகாரர் அப்போதுதான் கையைப் பார்த்தார். கோபத்தோடே கொளுத்தினார், கோபத்தோடே சொன்னார். தாத்தா கண்ணை மூடிக் கும்பிட்டார். வயதில் அடுத்து யார் என்று அம்பலகாரர் கேட்டபோது, கூட்டம் முழுக்க ஒரே பக்கம் திரும்பியது. இடுப்பளவு தண்ணீரில் மைத்துனர் வெறும் ஊத்தாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான்!" என்றார் தாத்தா. "தோளைக் கழுவிட்டு மேல வா."

அதற்குப் பிறகு அவருக்கு நான்கு கோடை கிடைத்தது. நான்கிலும் தண்ணீருக்குள்தான் இருந்தார். அடுத்த வருடம் நானும் போயிருந்தேன். மைத்துனர் சலவை வேட்டியில், துண்டின் முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மடைக்கு மேலே நின்றார். தாத்தா கீழே தண்ணீர் விளிம்பில், துண்டை ஏற்கனவே இடுப்பில் கட்டிக்கொண்டு, "எம்புட்டு நேரம் மச்சான், சீக்கிரம் வீசு!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கடிகாரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.