ஒரே சர்வரில் இரண்டு லாட்ஜ்

தென்காசியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறைதான் என் அலுவலகம். அங்கிருந்த ஒரே சர்வரில் குற்றாலத்து லாட்ஜுகள் இரண்டின் ரூம் புக்கிங்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின். ஒரே பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜ்காரர்கள் அத்தானும் மச்சினனும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரே பெட்டி என்கிற சங்கதி சாரல் சீசன் நடுவில் அத்தான்காரருக்குத் தெரிந்துவிட்டது. மங்குஸ்தான் பழப் பையோடு மாடியேறி வந்தார்.

"ஏம்மா, என் மாடியில காயுத துண்டை எண்ணியே எத்தனை ரூம் போயிருக்குன்னு சொல்லுதவன் என் மச்சினன். ஒரே பெட்டிக்குள்ள இருந்தா சும்மா இருப்பானா? நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

இவர் போனால் அலுவலகத்தை மூட வேண்டியதுதான்.

பொறுமையாகவே விளக்கினேன். இரண்டு மெஷினுக்கும் தனித்தனி முத்திரை. அவரவர் கோப்பிலும் அதே முத்திரை. பொருந்தாவிட்டால் கர்னல், அதாவது சர்வரையே ஆளும் மென்பொருள், உள்ளே விடாது. ஒரு மெஷினை உடைத்துக்கொண்டு திருடனே வெளியே வந்தாலும் பக்கத்துக் கோப்பைத் தொட முடியாது. அண்ணாச்சி கொட்டாவி விட்டார்.

எரிச்சலில் செய்தே காட்டினேன். மச்சினன் மெஷினின் முத்திரையோடு ஒரு கட்டளையை ஓட்டி, இவருடைய கோப்பைத் திறக்கச் சொன்னேன். 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தது.

"இது நீ டைப் அடிச்சதுதானம்மா?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பழத்தை உரித்தேன். அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அதை விடு. இந்தச் சனி ஞாயிறுக்கு அவனுக்கு ரூம் நிரம்பிட்டா? அதை மட்டும் சொல்லு."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"நம்ம ரெண்டு பேருக்குள்ளதானம்மா."

"மாட்டேன்."

"என் பழத்தை மட்டும் திங்குத?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையை அவர் பக்கமாகத் தள்ளினேன். "இதையும் எடுத்துக்கிடுங்க. உங்க புக்கிங்கையும் எங்கன வேணும்னாலும் வச்சுக்கிடுங்க" என்றேன். சொன்ன மறுகணமே, போச்சே என்றிருந்தது.

அண்ணாச்சி எழுந்தார்.

"எனக்கே சொல்ல மாட்டேங்குத. அவனுக்கா சொல்லப் போற? என் புக்கிங் இங்கனயே இருக்கட்டும்" என்று பையைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டு இறங்கிப் போனார்.

நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய அந்த முத்திரை விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனுஷன்.